உப்பளத்துப் பெண்களுக்கு நீ வாசித்துக் காட்டிய கட்டுரை

தம்பி,

அடுத்த வாரம் டெல்லியில், புதுச் சட்டத்துக்குக் கருத்துக் கேட்கும் குழுவின் முன் நீ பேசப்போகும் உரையை நேற்று இரண்டு முறை படித்தேன். உன் அப்பாதான் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி எதுவானாலும் அதை நாட்டில் உள்ள எவரும் காசு கொடுக்காமல் படிக்க வழி செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்று அதை இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் போட்டிருக்கிறாய். அதில் மூன்றாவது பத்தியில் நான் வருகிறேன். 'என் அம்மா ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். அறிவு எல்லோருக்கும் உரியது என்பதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பத்தியில் பெயர் சொல்லாமல் ஒரு நண்பன் வருகிறான், உன்னைக் காட்டிக்கொடுத்தவன். இந்த இரண்டு பத்தியும் சரியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "பரவால்லம்மா, வுடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், நானும் அந்த வார்த்தைக்குள் ஒளிந்துகொள்வேன். அதனால் நீ திருத்தம் கேட்ட இடத்திலேயே, எல்லோரும் பார்க்கும்படி என் திருத்தத்தைப் போடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள். வானூர்ப் பக்கம் எங்கள் காலனியிலிருந்து நான் நடந்து போன பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. அதில் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். சாவி தலைமையாசிரியர் வீட்டில் இருக்கும். அவருடைய மகள் என் வகுப்பு. அவள் மட்டும் சனிக்கிழமைகளில் ஒரு புத்தகத்தை எடுத்துப் போவாள். நான் ஐந்து வருஷமும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தக முதுகில் இருக்கும் பெயர்களைப் படித்தேன். எந்த வரிசையில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவள் மேல் எனக்கு இருந்தது கோபம் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கோபமில்லை, வயிற்றெரிச்சல். பீரோ எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்படவில்லை. அந்தச் சாவி என்னிடம் இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

இருபத்துநாலு வயதில் அது கிடைத்தது. மயிலம் தாண்டி இருக்கும் கல்லூரியில் நூலக உதவியாளர் வேலை. எங்கள் தெருவில் அதுவரை யாரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. என் அம்மா களை எடுத்த நிலத்துக்காரரின் பேரன் அதே கல்லூரியில் படித்தான். புத்தகம் கேட்டு வரும்போது என்னை "மேடம்" என்பான். நான் உடனே எடுத்துத் தர மாட்டேன். கொஞ்சம் நிற்க வைப்பேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் வர ஆரம்பித்தபோது அதற்கான பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருந்தது. பேராசிரியர்கள்கூட என் மேஜைக்கு வந்து நின்றார்கள். ஆனால் தம்பி, அந்த இதழ்களில் ஒரு பக்கம்கூட என்னால் முழுதாகப் படிக்க முடியாது. தலைப்பு தெரியும், எழுதினவர் பெயர் தெரியும், வருஷம் தெரியும். அந்த இங்கிலீஷ் என் தலைக்குள் இறங்கவில்லை. இதை உன்னிடம்கூட மறைத்தேன்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் அப்பாவின் பழைய போனை வைத்துக்கொண்டு பாயில் குப்புறப் படுத்துக் கிடப்பாய். நட்சத்திரம், கடல், வண்டி எஞ்சின் என்று ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு வந்து எனக்கு விளக்குவாய். நான் அரிசி களைந்துகொண்டே "உம்" கொட்டுவேன். முகம் கடுகடுவென்று இருக்கும். ஒருநாள் உன் அப்பா கேட்டேவிட்டார், "புள்ள நல்லாதான படிக்கிறான், நீ ஏன் மூஞ்சியத் தூக்கிக்கினு கீற?" கண் கெட்டுவிடும் என்று ஏதோ சொன்னேன். உண்மை வேறு. நான் ஐந்து வருஷம் கண்ணாடிக்கு வெளியே நின்று, அதற்குப் பிறகு இத்தனை வருஷம் தூசி தட்டி, கடைசி வரை உள்ளே போக முடியாத இடத்துக்கு நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்வந்துகொண்டிருந்தாய். யாரையும் கேட்கவில்லை, யாருக்காகவும் காத்து நிற்கவில்லை. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படும் தாய் உண்டா என்று கேட்டால், உண்டு. நான் இருந்தேன்.

நீ அதே கல்லூரியில் சேர்ந்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. கன்னியம்மா நூலகத்துக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும், நீயும் அங்கே புத்தகம் திருப்பித் தர நின்றிருந்தாய். மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மடித்த துண்டுச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அதில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் பெயர் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"மேடம், வெளியூர்லேர்ந்து படிச்சவங்க வந்து எங்க ரத்தம், ஒண்ணுக்கு எல்லாம் எடுத்துக்கினு போனாங்க. ரெண்டு வருஷமாச்சு. எங்களுக்கு என்னா இருக்குதுன்னு யாரும் சொல்லல. அதுல ஒரு பொண்ணுக்குப் போன் போட்டா, எழுதி வந்துடுச்சுக்கா, இந்தப் பேர்ல பெரிய காலேஜ்ல கேளுங்கன்னு சொல்லிச்சு."

தேடிப் பார்த்தேன். இருந்தது. திரையில் என் கண் முன்னால் திறந்து கிடந்தது.

"இது காலேஜ் பசங்களுக்கும் சாருங்களுக்கும் மட்டும்தாம்மா. வெளியாளுக்குத் தரக்கூடாது, ரூல்ஸ்."

"தர வேணாம் மேடம். நீங்களே பார்த்துட்டு வாயால சொல்லுங்க. அது போதும்."

அந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். தரக்கூடாது என்பது விதி. படித்துச் சொல்லக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை நீயும் அவளும் பார்த்துவிடக்கூடாது என்று, "அதுவும் முடியாதும்மா, போயிட்டு வாங்க" என்றேன். அவள் சண்டை போடவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க ரத்தம்தான மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனாய். உன் உரையில் நான் அறிவைத் திறந்துவிட்டவளாக வருகிறேன். நடந்தது இது.

அடுத்த வாரங்களில் நீ என்ன செய்தாய் என்பது எனக்குப் பாதிதான் தெரியும். என் மேஜை இழுப்பறையில் பாஸ்வேர்டு எழுதிய அட்டை இருக்கும் இடம் உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை உனக்கு அண்ணன் மாதிரி. வகுப்பு முடிந்ததும் அவன் உன்னை உட்கார விடுவான். நீ தமிழில் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்தான் என்று பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூன்று ஞாயிறாக நீ கோயிலுக்கு வரவில்லை. காலையில் மரக்காணம் பஸ் ஏறுகிறாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஏதோ ஒரு பெண் விவகாரம் என்று நினைத்து நான்காவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் பஸ் ஏறினேன்.

உப்பளத்துக்குப் போகும் மண்பாதையில் ஒரு கீற்றுக் கொட்டகை. வெயில் உப்புப் பாத்திகளில் பட்டு முகத்தில் அடித்ததால் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு உன் குரல் கேட்டது. உப்பு மூட்டை மேல் நீ உட்கார்ந்து அந்தக் கட்டுரையைத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தாய். எதிரே முப்பது பெண்கள் இருப்பார்கள். கால் வெடிப்பில் துணி சுற்றியவர்கள், உப்பு வாரும் பலகையைப் பக்கத்தில் சாய்த்து வைத்தவர்கள். ஒருத்தியும் அசையவில்லை. வேலைநேரத்தில் ஒதுங்க இடமில்லாததால் நீங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறீர்கள், அதனால் சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது, இது உங்களில் பலருக்கு இருக்கிறது, இப்போதே பார்த்தால் தடுக்கலாம் என்று நீ நிதானமாகச் சொன்னாய். ஒரு பெண் எழுந்து, "அப்ப எங்க வூட்டுக்காரரு சொல்ற மாதிரி இது சூடு இல்லியா?" என்று கேட்டாள். "இல்லக்கா, சூடு இல்ல. தண்ணி கொடுத்தா, கக்கூசு கட்டிக் கொடுத்தா, பாதி கொறையும். இதுல அப்படித்தான் எழுதிக்கீறாங்க" என்றாய். கன்னியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உன்னைப் பார்த்த பார்வையை நான் கொட்டகைக்கு வெளியிலிருந்து பார்த்தேன்.

அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? என்னிடம் "மேடம்" என்று வந்து நின்றவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதில் ஒருவர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர்கள் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்கள். கன்னியம்மா உன் முகத்தைப் பார்த்தாள். என் மகன் நல்லது செய்கிறான் என்று மனம் நிறைந்திருக்க வேண்டும். உள்ளே வந்து உன் தலையைத் தடவியிருக்க வேண்டும். நான் உன் கண்ணில் படாமல் திரும்பி, ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றேன். திண்டிவனம் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் முதலில் என்னிடம்தானே வந்தாள். அந்த மூட்டை மேல் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான்தானே.

நீ அதோடு நிறுத்தவில்லை. நம் மாவட்டத்து மல்லாட்டைப் பயிர், வானூர்ப் பக்கத்து நிலத்தடி நீர், மீனவர் குடியிருப்புகள் என்று நம்மைப் பற்றி எழுதப்பட்டுப் பூட்டிக்கிடந்ததை எல்லாம் நூற்றுக்கணக்கில் எடுத்து ஒரு இணையதளத்தில் போட்டாய். அந்த வழி சரியில்லை என்று இப்போது நீயே உரையில் எழுதியிருக்கிறாய். சட்டம் மாறினால் அடுத்த பிள்ளை அப்படிச் செய்ய வேண்டியிருக்காது என்றும் எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பிடித்த இடம். ஆனால் அப்போது இதழ்களை விற்கும் நிறுவனம் கண்டுபிடித்துக் கல்லூரி முழுவதற்கும் இணைப்பை நிறுத்திவிட்டது. யார் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, பாஸ்வேர்டு நூலகத்துக்குப் பொதுவானது. முதல்வர் விசாரணை வைத்தார். என்னை யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கு முந்தின நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், ஒரு வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். எடுத்தது மூன்றாம் ஆண்டு மாணவன் சாமுவேல். அவன் என் மகன். என் பெயர் வெளியே வர வேண்டாம். கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுத்தேன்.

அவர் எழுந்து நின்றார். "உங்கள மாதிரி நேர்மையானவங்கள நான் பார்த்ததில்ல மேடம்" என்றார். நான் மறுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்திருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு இருக்கும். பயமில்லை. அந்தக் கொட்டகையில் நடந்தது இனி நடக்கக்கூடாது என்றுதான் செய்தேன்.

மறுநாள் காலை முதலில் ஏழுமலையைக் கூப்பிட்டு வெகுநேரம் உட்கார வைத்தார்கள். அவன் வெளியே வந்து யாரிடமும் பேசாமல் போனான். மதியம் உன்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். நீ வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைக் கேட்டாய், "ஏழுமல அண்ணன்தானம்மா போட்டுக் கொடுத்திருக்கும்?"

நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "இருக்கும்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதைவிடச் சின்னது இல்லை, அதைவிடப் பெரியதும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நீ அவனோடு பேசவில்லை. அவன் வீட்டுக்கு வந்தபோது கொல்லை வழியாக வெளியே போனாய். அவன் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமல் டிவி மேல் வைத்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாய் வரை வந்தது. வந்தபோதெல்லாம் நீ என்னைவிட்டு அவனிடம் போய்விடுவாய் என்று தோன்றும், விழுங்கிவிடுவேன். அந்த ஒரு வருஷம் நீ வீட்டில் இருந்தாய், என் கையால் சாப்பிட்டாய். ஊரெல்லாம் உன்னைப் பாவம் என்றது. நீ எனக்கு மட்டும் என்று இருந்த வருஷம் அது ஒன்றுதான். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உப்பளத்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. நீ கொடுத்த தமிழ்ப் பிரதியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை தோறும் விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனார்கள். ஐந்தாறு முறை போன பிறகு தண்ணீர்த் தொட்டி வந்தது, கழிப்பறை வந்தது, மருத்துவ முகாம் வந்தது. கன்னியம்மா இன்றும் மருந்து சாப்பிட்டுக்கொண்டு நடமாடுகிறாள். நீ வீட்டில் முடங்கிக் கிடந்தபோது அவள் ஒரு பை நிறைய மீனோடு வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்றாள். நீ தூங்குகிறாய் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். நீ தூங்கவில்லை. மீனை மட்டும் வாங்கிக்கொண்டேன். அதைக் குழம்பு வைத்து, நான் வாங்கியது என்று சொல்லி உனக்குப் போட்டேன்.

நீ பெரிய இடத்தில் பேசப் போகிறாய் என்பதால் அம்மாவாக ஒன்று சொல்கிறேன். பூட்டு போடுகிறவர்கள் எல்லோரும் லாபத்துக்காகப் போடுகிறார்கள் என்று உன் உரை சொல்கிறது. அப்படி இல்லை. என்னைப் போல் ஒரு நாற்காலிக்காக, ஒரு "மேடம்"க்காகப் பூட்டுகிறவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கிறோம். நாளை நீ கேட்கும் சட்டம் வந்தாலும் ஜன்னலுக்குள்ளே நாங்கள்தான் இருப்போம், தர ரூல்ஸ் இல்லை என்று சொல்லிக்கொண்டு. எங்களையும் கணக்கில் வைத்து எழுது. இன்னொன்று, திறந்துவிட்டால் மட்டும் போதாது. கன்னியம்மாவுக்குத் திறந்த கட்டுரையும் பூட்டிய கட்டுரையும் ஒன்றுதான், அதை அவள் மொழியில் சொல்ல ஒரு ஆள் இல்லாவிட்டால். அந்த ஆளுக்காகவும் சட்டத்தில் ஒரு வரி கேள். இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், தப்பு செய்த இடத்திலிருந்து பார்த்தவள் என்ற தகுதிதான்.

உன் உரையைப் படித்து முடித்ததும் நேற்றே கிளம்பி ஏழுமலையைப் பார்க்க விழுப்புரம் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறான். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. கூட்டம் குறையும் வரை நின்றேன். இப்போது நான் காத்து நிற்க வேண்டிய முறை. பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பிரின்டரில் மாட்டிய தாளை இழுத்துக்கொண்டே கேட்டான்.

"இத நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா மேடம்? அன்னைக்கு என்னை வெசாரிச்சப்பவே உங்க லெட்டரு அவரு மேஜை மேல கெடந்துச்சு. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்பா நீ சாமுகிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லிட்டு? அவன் ஒரு வருஷம் வூட்ல உட்காந்துக்கினு இருக்கணும், உங்க கையால துன்னணும். எம்மேல கோவம்னா என்னைப் பார்க்காம இருந்துட்டுப் போறான். உங்க மேலன்னா எங்க போய் இருப்பான்?" பிறகு ஒரு டீ சொல்லிவிட்டு, "டெல்லில அவன் பேசறத லைவ்ல போடுவாங்களா மேடம்?" என்று கேட்டான். உன் பெயரையும் அவன் பெயரையும் போட்டு எல்லோரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா என்னைப் பெரிய ஆளாக்கிடாதீங்க" என்றான்.

அங்கே நான் அழவில்லை. தம்பி, நான் பொறாமைப்பட்டேன். இந்த வயதிலும், இவ்வளவு நடந்த பிறகும், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, உன்னை என்னைவிட நன்றாக நேசிக்கத் தெரிந்த ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று வயிறெரிந்தது. இது என்னைவிட்டுப் போகாது போலிருக்கிறது. போகாது என்று தெரிந்ததால்தான், இதற்கு மேல் இதன் பேச்சைக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

டெல்லி கிளம்புவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். சென்னையில் விழுப்புரம் பஸ்ஸாகப் பார்த்து ஏறு. வழியில் திண்டிவனத்தில், நம் வீட்டுக்கென்று இறங்காதே. பஸ் ஸ்டாண்டில் நான் நின்றாலும் இறங்காதே. நேராக ஏழுமலையிடம் போ. ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருப்பான். அவசரப்படாமல் உட்கார்ந்து பேசு, அங்கேயே சாப்பிடு. அதற்குப் பிறகும் என் முகத்தில் விழிக்க மனம் வந்தால் வா. வராவிட்டாலும் நான் கேட்க மாட்டேன். நீ அவனோடு இருக்கும் நேரம் முழுக்க நான் இங்கே வயிறெரிந்துகொண்டுதான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். நீ போய் அவனைப் பார்.

அம்மா